எத்தினி கல்லு?

தனக்கொடியின் மடியில் முறம். முறத்தில் அன்றைய அரிசி. டிவியில் ஒன்பதரைப் படத்துக்குப் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்தவர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர் எல்லாம் அவளுக்கு வேண்டாம். விரலால் அரிசியைக் கோடு பிரித்தபடி, கதாநாயகி முதல் முதலாக என்ன வேலை செய்துகொண்டு திரைக்குள் வருகிறாள் என்று காத்திருக்கிறாள். கோலம் போட்டுக்கொண்டு வந்தால் புள்ளியை எண்ணுவாள். குடத்தோடு வந்தால் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள். "வெறுங்கொடம்! இடுப்பப் பாரு, சாயவே இல்ல. தண்ணி மொண்டவ இப்பிடியா நடப்பா?" என்று சொல்லி முதல் கல்லை எடுத்துத் தரையில் போடுவாள். குடம் காலி என்றால் படமும் காலி. பிறகு அந்தக் கதாநாயகி காசநோய் வந்து இருமினாலும் தனக்கொடியிடம் இரக்கம் கிடைக்காது.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊர் சோரியாங்குப்பம். புருஷன் தங்கவேலுக்கு மூன்று காணி நெல், ஒரு காணி கரும்பு. அறுத்த நெல்லை ஊரில் எல்லாரையும்போல அவர்களும் தார் ரோட்டில்தான் காயப் போடுகிறார்கள். பஸ் போகும், லாரி போகும், வாரும்போது நெல்லோடு ரோட்டுப் பொடிக்கல்லும் சேர்ந்து மூட்டைக்குள் போகும். பக்கத்துச் சின்ன மில்லில் அரைத்து வரும் அரிசியிலும் அந்தக் கல் குடித்தனம் இருக்கும். இரண்டு பேர் சாப்பிடுகிற அரிசியில் கல் பொறுக்கக் கால் மணி நேரம் போதும். தனக்கொடிக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, படம் மூன்று மணி நேரம் ஓடுவதால்.

ஒரு வாரத்து அரிசியை ஒரே நாளில் பொறுக்கி வைத்துவிடலாமே என்று மகள் இளவரசி ஒருமுறை கேட்டுவிட்டாள். உறுவையாறு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, குக்கரும் மிக்சியுமாக வேகமாகக் குடும்பம் நடத்துகிறவள் அவள். "அப்பால மீதி ஆறு நாளு நான் டிவி முன்னாடி சும்மா குந்திக்கினு இருக்கணுமா? பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றாள் தனக்கொடி. வேலை செய்கிறவள் படம் பார்க்கலாம், படம் மட்டும் பார்க்கிறவள் சோம்பேறி என்பது அவள் கட்சி. இளவரசி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல் கணக்கு இப்படித்தான் தொடங்கியது. கேபிள் வந்த புதிதில் ஒரு நாள் 'பூட்டாத வீடு' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். ஓடிப்போன புருஷனுக்காகப் பதினெட்டு வருஷம் தாழ் போடாமல் வைத்திருந்த கதவை, அவன் திரும்பி வந்து நின்ற அன்று, அவன் முகத்துக்கு நேரே சாத்துகிறாள் ஒருத்தி. அதுதான் படம். அன்று மதியச் சாப்பாட்டில் தங்கவேல் மூன்று கல் கடித்தார். மூன்றாவது கல்லில் கடைவாய்ப் பல்லின் ஓரம் பெயர்ந்தது.

"இன்னாமே, அரிசியப் பாத்துதான் போட்டியா?"

"பாத்துதான் போட்டேன். அவ கதவ சாத்துனா பாரு, கண்ணு அங்க பூடுச்சி."

அன்றிலிருந்து 'பூட்டாத வீடு' மூன்று கல் படம். நன்றாக இல்லாத படத்துக்கு அரிசி சுத்தமாக இருக்கும். சுமாரான படத்துக்கு ஒரு கல் தப்பும். நல்ல படம் என்றால் இரண்டு. இருபது வருஷத்தில் மூன்றைத் தொட்டது அந்த ஒரு படம்தான், மூன்றைத் தாண்டியது எதுவும் இல்லை. எத்தனை கல் என்பதைத் தனக்கொடி வாயால் முடிவு செய்வதும் இல்லை. படத்தில் கண் போனால் கை தவறும், கை தவறினால் சோற்றில் வரும். "நான் பொய் சொல்லலாம். அவுரு பல்லு பொய் சொல்லாது" என்பாள். தங்கவேல் படமே பார்ப்பதில்லை. கடித்த கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இன்னிக்கி இன்னா படம்?" என்று மட்டும் கேட்பார். ஊரில் எந்தப் படத்துக்கும் அவர் பல்லைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

கேள்விப்படாதவர்களுக்கு முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். கிருமாம்பாக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர், "மூணு கல்லா? அவ்வளவு மோசமான படமா?" என்று கேட்டார். பால் சொசைட்டி அம்சவள்ளி பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "கல்லு ஏற ஏற படம் ஒசத்தி டீச்சர். எங்க அக்கா கணக்கு தனி" என்று விளக்கினாள். தனக்கொடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெருமை வந்தால் அவள் முகத்தைக் காட்டமாட்டாள்.

அவளிடம் கேட்டால் பழைய படங்களில் முக்கால்வாசி அரிசி சுத்தமான படங்கள்தான். அடுப்பு ஊதிக்கொண்டே அழுகிற கதாநாயகியை அவளுக்கு ஆகாது. "அடுப்புல நெருப்பே காணோம், பொகைக்கு இன்னாத்துக்குக் கண்ணக் கசக்குறா?" அறுப்புக் காட்சி வந்தால் தங்கவேலையே கூப்பிட்டுக் காட்டுவாள். "தோ பாருங்க, பச்சக் கதிர அறுக்குறான். அருவாளப் பேனா புடிக்கிறாப்ல புடிச்சிருக்கான்." குண்டடி பட்டு ஆறு நிமிஷம் பேசிவிட்டுச் சாகிற கதாநாயகனைப் பார்த்தால் அவளுக்குத் தன் மாமனார் ஞாபகம் வரும். "எங்க மாமனாரு 'தண்ணி'ன்னாரு. மொண்டாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. சாவு அம்மாந்தான்." வில்லன்களைப் பற்றி மட்டும் நல்ல அபிப்பிராயம் உண்டு. பழைய படங்களில் வீட்டுக்கு வந்தவர்களை முதலில் உட்காரச் சொல்லி காபி கொடுப்பவன் வில்லன்தானாம். நல்லவர்கள் நிற்க வைத்தே பேசி அனுப்புகிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் குறை.

சீரியல்களில் பதிமூன்று வாரத்தில் முடிந்துபோன அந்தக் காலத்து சீரியல்களோடு அவள் மரியாதை நின்றுவிட்டது. நான்கு வருஷம் ஓடிய 'கூடத்து ஊஞ்சல்' சீரியலை ஒரு நாள் விடாமல் பார்த்தாள், ஒரு நாள் விடாமல் திட்டினாள். "நாலு வர்சத்துல அந்த வூட்ல ஒருத்தி ஒரு தட்டக் கழுவுனாளா? தொடப்பத்த ரெண்டே தடவதான் காட்டுனான், அதுவும் மருமவள அடிக்க." அது ஓடும்போது பொறுக்கிய அரிசியில் நான்கு வருஷமும் தங்கவேல் ஒரு கல்கூடக் கடிக்கவில்லை. அவருக்கு அந்த சீரியல் மிகவும் பிடித்திருந்தது.

இதையெல்லாம் பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் செல்வகுமாரி. தங்கவேலின் தம்பி குமரவேலின் மனைவி, தனக்கொடிக்கு ஓரகத்தி, பதினாறு வயது இளையவள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டு வீடாக்கினார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பின்கட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் செல்வகுமாரி பாத்திரம் கழுவுகிற இடத்துக்குமேல் தகர ஷீட் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் வேப்பங்கொட்டை விழுந்தால்கூட இங்கிருந்தபடியே எண்ணலாம்.

செல்வகுமாரி வீட்டில் அப்போது டிவி கிடையாது. ஒன்பதரை ஆனால் தன் முறத்தோடு வந்து தனக்கொடி பக்கத்தில் உட்காருவாள். எதையும் சொல்லமாட்டாள். "உம்" என்பாள். தனக்கொடி சிரித்தால் சிரிப்பாள். தனக்கொடி "தூ" என்றால் அவளும் முகத்தைச் சுளிப்பாள். "அது வாயில்லாப் பூச்சி. நான் பாக்கலன்னா அதுக்குப் படமே தெரியாது" என்று அம்சவள்ளியிடம் தனக்கொடி செல்லமாகவே சொல்லி வந்தாள். பிறகு செல்வகுமாரி வீட்டுக்கும் டிவி வந்தது. குமரவேல் நெல்லை மொத்தமாக விற்றுவிட்டு, கல் நீக்கிய பாக்கெட் அரிசி வாங்கத் தொடங்கினார். முறத்துக்கும் வேலை இல்லை, அக்கா வீட்டுக்கு வரவும் வேலை இல்லை. தனக்கொடி கொஞ்ச நாள் ஒன்பதரைக்கு வாசலைப் பார்த்தாள். வருத்தம்தான், ஆனால் கேட்கவில்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் அம்சவள்ளி தன் போனை நீட்டினாள். போனுக்குள் செல்வகுமாரி. பொட்டு கொஞ்சம் பெரிதாக, மடியில் புது முறத்தோடு. "வணக்கம். நம்ம 'எத்தினி கல்லு' சேனலுக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். பிறகு 'பூட்டாத வீடு' படத்தைப் பற்றிப் பேசினாள். பதினெட்டு வருஷம், தாழ்ப்பாள், முகத்துக்கு நேரே சாத்திய கதவு, எல்லாம் வந்தது. கடைசியில் அரிசியைத் துழாவி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மூன்று கல்.

தனக்கொடிக்கு நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. அது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அவளே அதை மறைக்கவும் இல்லை. "அது வூட்டு அரிசி பாக்கெட்டு அரிசி. அதுல ஏதுடி கல்லு? ரோட்ல பொறுக்கி அதுவே உள்ள போட்டு அதுவே எடுக்குது!" என்று பால் சொசைட்டியில் வைத்தே கத்தினாள். கல்லைக் கடிக்க அந்த வீட்டில் ஆள் உண்டா, குமரவேல் என்றைக்காவது பல் தேய்ந்து உட்கார்ந்தானா என்று கேட்டாள். கேன் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் பாலைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தச் சேனலைப் பார்க்கிறவர்கள் என்பது தனக்கொடிக்கு அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியங்களை எழுதினால் அவளுக்கே பிடிக்காது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். டிவியை நடுச் சுவரிலிருந்து பெயர்த்து எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். சத்தத்தை ஒன்பதில் வைத்தாள். தான் வாய் திறந்து ஏதாவது சொல்லவேண்டி வந்தால் முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். செல்வகுமாரி வெளியே போகும்போது கட்டிய புடவை போன வாரம் வீடியோவில் கட்டியதுதானா என்று ஜன்னலில் நின்று ஒத்துப்பார்த்தாள். தினமும் சாப்பாடு பரிமாறியபடியே தங்கவேலிடம் கேட்பாள்.

"இன்னிக்கி எத்தினி பேரு பாத்துக்கிறாங்க அத?"

இளவரசி வாங்கிக் கொடுத்த போனில் தங்கவேல் கண்ணைச் சுருக்கித் தேடுவார். "முப்பத்தி ரெண்டாயிரம்."

"வேலவெட்டி இல்லாதவங்க நாட்ல அம்மாம் பேரா?" என்று சொல்லி அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். மறுநாளும் கேட்பாள். எண்ணிக்கை ஏறினால் அன்று குழம்பில் உப்பும் ஏறியிருக்கும்.

இதையெல்லாம்கூட அவள் எப்படியோ விழுங்கியிருப்பாள். தை மாதம் கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் பாகூர்ப் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும். பேச்சு வாக்கில் முந்தின நாள் டிவியில் போட்ட பழைய படத்துக்கு வந்தார்கள். தனக்கொடிக்கு வாய் துறுதுறுத்தது. "வெறுங்கொடத்தத் தூக்கிக்கினு வந்தா பாரு, இடுப்பு சாயவே இல்ல" என்றாள்.

அந்தப் பெண் கையைத் தட்டிச் சிரித்தது. "ஐய, நீங்களும் 'எத்தினி கல்லு' பாப்பீங்களா? அந்தக்கா சொல்றத அப்பிடியே சொல்றீங்களே!"

"அது சொல்றதுக்கு முன்னாடியே நான்தான்மா..."

"எங்க அம்மாவும் இப்பிடித்தான். அந்தக்காவப் பாத்துட்டு நாள் பூரா அவங்கள மாரியே பேசிக்கினு இருப்பாங்க. நல்லாதான் இருக்குது, பேசுங்க."

சொந்த வாயிலிருந்து சொந்தப் பேச்சு வந்தால், அதை இரவல் என்கிறது ஒரு பெண். அதுவும் பாராட்டாக. எதிர் மூலையில் செல்வகுமாரியை நடுவில் நிறுத்தி நாலைந்து பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இலையில் விழுந்த பாயசத்தைத் தொடாமல் மடித்துவிட்டு தனக்கொடி பஸ் ஏறினாள். கல்யாணச் சாப்பாட்டில் அவள் பாயசத்தை விட்டது அதுதான் முதல் முறை என்று தங்கவேல் இன்றைக்கும் சொல்கிறார்.

பதினேழு நாள் அவள் எந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் ஓடும், முறம் மடியில் இருக்கும், கை மட்டும் வேலை செய்யும். பால் சொசைட்டியில் அம்சவள்ளி, "அக்கா, நேத்து போட்டானே, எத்தினி கல்லு?" என்று கேட்டதற்கு, "சேனல் இருக்குதே, போய்க் கேளு" என்று கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பதினேழு நாளும் தங்கவேல் ஒரு கல் கடிக்கவில்லை. சோறு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று சொல்ல வாய் எடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பதினெட்டாம் நாள் 'செங்கல்சூளை ராணி' போட்டான். தனக்கொடி ஐந்தாறு முறை பார்த்து ஐந்தாறு முறையும் காறித் துப்பிய படம். சூளையில் வேலை செய்யும் கதாநாயகி தலையில் சும்மாட்டுத் துணி இல்லாமல் பன்னிரண்டு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு பாடுகிறாள், வைத்த பூ நசுங்கவில்லை. இதைவிட ஒரு படத்துக்கு வேறென்ன கேடு வேண்டும்? ஆனால் அன்று தனக்கொடிக்கு ஒரு யோசனை வந்தது. டிவி சத்தத்தை முப்பதுக்கு ஏற்றினாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் நடுச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். ஆளில்லாத கூடத்தில், யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்.

"இன்னா படம்டீ இது! எம்மாம் அழகாத் தூக்குறா! அஞ்சு கல்லு! இந்தப் படத்துக்குக் குடுக்கலாம்டீ அஞ்சு கல்லு!"

நாளைக்கு அதைச் செல்வகுமாரி அப்படியே ஒப்பிப்பாள், சூளையில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் கூடிக் காறித் துப்புவார்கள், அதோடு ஒழிந்தது சேனல். இதுதான் திட்டம். அன்று குளிக்கும்போது தனக்கொடி பாட்டு முணுமுணுத்ததாகத் தகவல்.

மறுநாள் காலையிலேயே கரண்ட் இல்லை. லைனில் மரக்கிளை வெட்டுகிறார்களாம், மூன்று மணிக்குத்தான் வருமாம். டிவி செத்துக் கிடந்தது. தங்கவேல் வயலுக்குப் போகும்போது, வாய்க்காலில் விழுந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். ஒன்பதரைக்கு அதில் இளவரசி கூப்பிட்டாள்.

"அம்மா, சித்தி ஒன்னப்பத்திப் பேசியிருக்கு. அனுப்பியிருக்கேன், பாரு."

"அது பேசுனா எனக்கு இன்னா? எனக்கு வேற வேல இல்லியா?" என்று வைத்தாள். வைத்துவிட்டு, முறத்தில் அரிசியைக் கொட்டினாள். போனை அரிசிப் பானையில் சாய்த்து நிறுத்தினாள். இளவரசி அனுப்பியதை ஒரு விரலால் அழுத்தினாள்.

"எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க" என்று ஆரம்பித்தாள் செல்வகுமாரி. இந்த முறை பொட்டு சின்னதாக இருந்தது. "இந்தக் கல்லு கணக்கே அவங்களுதுதான். பதினோரு வர்சம் அவங்க பக்கத்துல குந்திக் கேட்டதத்தான் இத்தினி நாளா என்னுது மாரி சொல்லிக்கினு இருந்தேன். நேத்து 'செங்கல்சூளை ராணி'க்கு அஞ்சு கல்லுன்னு செவுத்துக்குக் கேக்கறாப்ல சொன்னாங்க. சும்மாடு இல்லாம செங்கல் தூக்குறவளுக்கு எங்க அக்கா ஒரு கல்லு குடுக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். அது எம்மேல இருக்கற கோவம். அதனால இன்னிக்கி அவங்க சொன்னதச் சொல்லப்போறதில்ல. நான் பாத்ததச் சொல்றேன்."

"திருட்டுக் கழுத. இப்பதான் வாயி தொறந்துச்சா?" என்று தனக்கொடி போனைப் பார்த்துச் சொன்னாள். சொன்னாளே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. முப்பத்திரண்டாயிரம் பேருக்கும் இப்போது தெரிந்திருக்கும். கை சுறுசுறுப்பாக அரிசியைப் பிரித்தது. ஒரு கல், இரண்டு கல் என்று எடுத்துத் தரையில் போட்டாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கு நல்ல நாளாகப் போயிருக்கும்.

"ராணி ரெண்டாவதா ஒரு பாட்டுப் பாடுறா இல்ல, அப்ப அவளப் பாக்காதீங்க" என்றாள் செல்வகுமாரி. "அவளுக்குப் பின்னாடி எடது பக்கம் மூணாவதா ஒரு அம்மா வருது. தலைல சும்மாடு இருக்கும். கல்லோட போவுது, வெறுங்கையோட வருது, திரும்பவும் கல்லோட போவுது. பாட்டு முடியறதுக்குள்ள ஆறு நட. நான் எண்ணிட்டேன். ராணி சிரிச்சா மத்தவங்கள்லாம் சிரிக்கறாங்க, இது சிரிக்கல. கடசில ராணியக் குதிரைல ஒருத்தன் தூக்கிக்கினு போறான், எல்லாரும் கை தட்டறாங்க. இந்த அம்மா மட்டும் ராணி கீழ போட்டுட்டுப் போன கல்ல குனிஞ்சி எடுத்துத் தன் தலைல வச்சிக்குது. யாரும் சொல்லிக்குடுத்து செஞ்சது இல்ல அது. நல்ல கல்லு, கீழ கெடந்தா ஒடஞ்சிடுமேன்னு எடுத்துது. அந்த அம்மா பேரு படத்துல எங்கியும் போடல. எனக்கு இந்தப் படம் அந்த அம்மா படந்தான்."

தனக்கொடியின் விரல் அரிசிக்குள் அப்படியே நின்றது.

ஐந்தாறு முறை பார்த்த படம். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த கண், கதிர் பச்சையா பழுப்பா என்று பார்த்த கண், கதாநாயகியின் தலையில் சும்மாடு இல்லை என்பதோடு நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் ஒருத்தி சும்மாட்டோடு ஆறு நடை நடந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து "உம்" கொட்டிக்கொண்டிருந்தது இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சொல்லைத் திருடியபோது வந்த எரிச்சல் ஒன்றுமில்லை, இதுதான் எரிச்சல். இதை நான் அல்லவா பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்கு அழுகை வந்தது. வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். மூன்றாம் முறையும் ஓடவிட்டாள். கை பழக்கத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தது, கண் அதில் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உலை வைத்தாள்.

ஒன்றரைக்குத் தங்கவேல் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஃபேன் ஓடவில்லை, டிவி ஓடவில்லை, தெரு முழுக்க அமைதி. பின்கட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் செல்வகுமாரி பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது வாயிலேயே கடக் என்றது.

கல்லை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "கரண்டே இல்லியே. இன்னா படம் பாத்த?"

"படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தின்னுங்க."

நாலு வாய் போனது. இன்னொன்று. அதையும் வைத்தார். ரசத்துக்குப் போனபோது மூன்றாவது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பூட்டாத வூடு போட்டானா?"

தனக்கொடி மோர்ச் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மோர்ச்சோற்றின் கடைசிக் கவளத்தில், பல் உடைந்த பக்கமாகவே, நான்காவது கல் பட்டது. தங்கவேல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான்கையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு அரிசிப் பானையில் சாய்ந்திருந்த தன் போனைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கேட்கிற கேள்வியை அன்று மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்து கை கழுவப் போனார்.

தனக்கொடி தட்டோரத்திலிருந்த கற்களை உள்ளங்கையில் கூட்டி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். மதில் ஓரம் நின்றாள். ஒரு கல்லை அந்தப் பக்கம் எறிந்தாள். தகர ஷீட்டில் டிங் என்றது. பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. இரண்டாவது கல்லை எறிந்தாள். கொஞ்சம் பொறுத்து மூன்றாவதை எறிந்தாள். அந்தப் பக்கம் மூச்சுக் காட்டாமல் யாரோ காத்திருப்பது தெரிந்தது.

தனக்கொடி நான்காவது கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.